புதுச் சுரங்கத்து இளஞ்சிவப்பு, ஊதாக் கற்களைச் சேகரிக்கத் தொடங்கலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. மடகாஸ்கரில் புதிதாகக் கண்டுபிடித்த படுகையிலிருந்து வந்தவை என்று சொல்லி, அவருக்கு அறிமுகமான ஒருவர் மூன்று இளஞ்சிவப்புச் சஃபயர்களையும் இரண்டு ஊதாச் சஃபயர்களையும் காட்டியிருக்கிறார். புதுச் சுரங்கம் என்பதால்தான் விலை குறைவு என்றும், இரண்டு ஆண்டுகளில் ஏறிவிடும் என்றும், ஐந்தையும் 3,000 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) தருவதாகவும் சொல்லியிருக்கிறார். வாங்கலாமா என்பதே கேள்வியின் சொற்கள். ஆனால் படிக்கும்போது அதற்குள் இன்னொரு கேள்வி இருப்பது தெரிகிறது: ஒரு கல்லை மதிப்பிடும்போது அது எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்ற பேச்சுக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம்? அதற்கு விடை தெரிந்துவிட்டால் வாங்குவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்துகொள்வார்.

நானும் அந்த வட்டாரத்துக்காரன்தான். கித்தா (ரப்பர்) மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டத்தில் பிறந்து, பிறகு ஈப்போவில் இருபத்து நான்கு ஆண்டுகள் கல்லுக்குப் பட்டை தீட்டுவதும் நகைக்கடைகளுக்காகக் கல்லை மதிப்பிடுவதுமாக இருந்தேன். இடையில் ரத்தினவியலை முறையாகவும் படித்தேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இணைத்திருக்கும் கைப்பேசிப் படங்களை வைத்து அந்த ஐந்து கற்களும் என்னவென்று நானோ வேறெவரோ தீர்ப்புச் சொல்ல முடியாது. சஃபயரும், ஸ்பினலும், ரோடோலைட் கார்னெட்டும், சாயக் கண்ணாடியும் படத்தில் ஒன்றுபோலவே சிரிக்கும்.

பெயரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் நம்மவர்களில் பலர் இங்கேயே குழம்பிவிடுகிறார்கள். மாணிக்கம், நீலம், மஞ்சள் புஷ்பராகம் (மஞ்சள் சஃபயர்) ஆகிய மூன்றும் ஒரே கனிமம். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகம். அதற்கு உலகம் முழுவதும் இன்று வழங்கும் ‘கொரண்டம்’ என்ற அறிவியல் பெயர் நம்முடைய ‘குருந்தம்’ என்ற சொல்லிலிருந்து போனது. சிவப்பாக இருந்தால் மாணிக்கம் என்றும், மற்ற எல்லா நிறத்துக்கும் சஃபயர் என்றும் வணிகத்தில் சொல்கிறார்கள். ஆகவே ‘இளஞ்சிவப்பு நீலக்கல்’ என்று எழுதுவது பொருந்தாது. இளஞ்சிவப்புக் குருந்தம் என்றால் சரியாக இருக்கும். மாணிக்கம் எங்கே முடிகிறது, இளஞ்சிவப்பு எங்கே தொடங்குகிறது என்பதற்கு எல்லாச் சோதனைக்கூடங்களும் ஒப்புக்கொண்ட ஒரே கோடு கிடையாது. ஒரே கல் ஓரிடத்தில் மாணிக்கம் என்றும் வேறிடத்தில் இளஞ்சிவப்புச் சஃபயர் என்றும் சான்றிதழ் பெறுவதை நான் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். விலை பேசும்போது இதை நினைவில் வையுங்கள்.

தூய குருந்தத்துக்கு நிறமில்லை. சிறிதளவு குரோமியம் கலந்தால் இளஞ்சிவப்பு வரும், கூடுதலாகக் கலந்தால் சிவப்பாகும். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து நீலத்தைக் கொடுக்கும். குரோமியமும் இந்த இரும்பு-டைட்டானியச் சேர்க்கையும் ஒரே படிகத்தில் கூடும்போது ஊதா பிறக்கிறது. இந்த எளிய வேதியியல் பின்னால் சூடேற்றும் விஷயத்துக்கு வரும்போது மிக முக்கியமாகிவிடும்.

புதிய படுகைகள் என்ற பேச்சு வெறும் கதையல்ல. கடந்த முப்பது ஆண்டுகளில் இளஞ்சிவப்புக் கற்களின் சந்தையையே மாற்றியது மடகாஸ்கர்தான். அந்நாட்டின் தெற்கே, ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலையில், சில குடிசைகள் மட்டுமே இருந்த இலாகாகா என்ற இடத்தில் 1998-இல் கற்கள் கிடைத்தன. சில ஆண்டுகளுக்குள் அது பல்லாயிரம் பேர் வாழும் நகரமாயிற்று. அங்கிருந்து வந்தவற்றில் இளஞ்சிவப்பும் ஊதாவும் ஏராளம். அதற்கு முன் இலங்கையின் இரத்தினபுரிப் பக்கத்திலிருந்தும், 1980-களின் இறுதிக்குப் பிறகு வியட்நாமின் லூக் யென் பகுதியிலிருந்தும் வந்த கற்களைத்தான் நாங்கள் பெரும்பாலும் பார்த்திருந்தோம். 2016-இன் பிற்பகுதியில் மடகாஸ்கரின் கிழக்கே, அம்பாத்தொன்ட்ராசாக்காவுக்கு அப்பாலுள்ள பெமாயின்ட்டி காட்டில் மீண்டும் பெரும் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. கிரீன்லாந்தின் தென்மேற்கில் அப்பாலுத்தொக் என்னுமிடத்தில் 2017-இல் சுரங்கம் இயங்கத் தொடங்கி, மாணிக்கத்தையும் இளஞ்சிவப்புக் கற்களையும் தந்தது. தான்சானியாவின் வின்சாவிலிருந்து 2008-ஐ ஒட்டி வந்தவையும் இந்தக் குடும்பமே. ஆகவே உங்களுக்குக் கல்லைக் காட்டியவர் புதுப் படுகை என்று சொன்னதில் நடக்காதது எதுவும் இல்லை. அந்தக் கற்கள் அங்கிருந்துதான் வந்தன என்பதற்கு மட்டும் அவர் சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

இத்தகைய இடங்களில் கல் எப்படிக் கிடைக்கிறது என்பதை ஈப்போ அமைந்திருக்கும் கிந்தா பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்கு விளக்குவது எளிது. மலைப்பாறை சிதைந்து மண்ணாகும்போது கனமான, எளிதில் தேயாத கனிமங்கள் ஆற்றோடு வந்து சரளைப் படுகையில் தங்கிவிடும். நம் லம்பங்களில், அதாவது ஈயச் சுரங்கங்களில், வெள்ளீயம் தங்கியது அப்படித்தான். நம் பாட்டிமார்கள் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று டூலாங் என்ற அகன்ற தட்டைச் சுழற்றி வெள்ளீய மணலைப் பிரித்ததும் இந்த எடை வேறுபாட்டை நம்பித்தான். இலங்கையில் அந்தச் சரளை அடுக்கை ‘இல்லம்’ என்பார்கள். கூடையில் அள்ளி நீரில் சுழற்றிக் கழுவுவார்கள். இலாகாகாவில் சல்லடை. கை வேலை எல்லா இடத்திலும் ஒன்றே. நம் கிந்தாவிலும் குருந்தம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. புவியியலாளர் ஸ்கிரிவெனர் 1910-லேயே கிந்தாவின் டூர்மலின்-குருந்தப் பாறைகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். ஆனால் அவை ஒளி ஊடுருவாத கரும்பாறைகள். மோதிரத்தில் வைக்கும் கல் அல்ல. ‘நம்ம ஊர் லம்பத்தில் எடுத்த சஃபயர்’ என்று யாராவது பளபளப்பான கல்லை நீட்டினால் பின்வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது சுரங்கத்தின் பெயருக்கு வருகிறேன். மடகாஸ்கர், இலங்கை, கிழக்கு ஆப்பிரிக்கா, தமிழ்நாட்டின் ஒரு பகுதி எல்லாம் ஒரு காலத்தில் கோண்டுவானா என்ற ஒரே நிலப்பரப்பில் அருகருகே கிடந்தவை. ஏறத்தாழ 65 கோடி ஆண்டுகளுக்கும் 50 கோடி ஆண்டுகளுக்கும் இடையில், அந்த நிலப்பகுதிகள் ஒன்றோடொன்று மோதி அழுந்தி வெந்தபோதுதான் இந்தக் கற்களில் பெரும்பாலானவை உருவாயின. ஒரே அடுப்பில் வெந்தவை ஒன்றுபோல இருப்பதில் வியப்பில்லை. பெமாயின்ட்டியின் கற்கள் வெளிவந்த புதிதில் அவை இலங்கைக் கற்களாகவே பல கைகள் மாறின. பெரிய சோதனைக்கூடங்கள்கூட, நம்பகமாகச் சேகரித்த மாதிரிக் கற்களோடு ஒப்பிட்டு, உள்ளே சிக்கியிருக்கும் படிகங்களையும் நுண்ணளவு தனிமங்களையும் அளந்த பிறகே பிறப்பிடத்தைச் சொல்கின்றன. சொல்லும்போதும் அதைக் ‘கருத்து’ என்றே எழுதுகின்றன. ஒரு படுகை எவ்வளவு புதியதோ அந்த அளவுக்கு ஒப்பிடுவதற்கான மாதிரிகளும் குறைவாகவே இருக்கும். ஆகவே புதுச் சுரங்கத்தின் பெயர், கல்லைப் பற்றிச் சொல்லப்படும் செய்திகளிலேயே மெய்ப்பிக்க மிகவும் கடினமானது. அதற்காகப் பணம் கொடுக்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. கல்லுக்குப் பணம் கொடுங்கள்; பெயர் கூடவே வந்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விலை குறைவுக்குக் காரணமாகப் புதுச் சுரங்கத்தைக் காட்டும்போது இன்னும் கவனம் தேவை. தீப்பிழம்பில் உருக்கிச் செயற்கைக் குருந்தம் செய்யும் முறையை வெர்னூய் என்ற பிரெஞ்சு அறிஞர் 1902-இல் வெளியிட்டார். இன்று அது மிக மலிவு. அந்தச் செயற்கைக் கட்டியை உடைத்து, உருட்டி, மண்ணைப் பூசி, பட்டை தீட்டாத இயற்கைக் கல்லோடு கலந்து சுரங்க வாயிலிலேயே விற்பது உலகம் முழுவதும் நடக்கிறது. நானும் இதற்குப் பலியானவன். தாய்லாந்தின் சந்தபுரிச் சந்தையில் ஒரு வியாபாரியிடம் மடகாஸ்கர் இளஞ்சிவப்பு என்று ஒரு பொட்டலம் வாங்கினேன். அப்போது எனக்குப் பதினோரு ஆண்டு அனுபவம் இருந்தது. ஈப்போவுக்கு வந்து நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்தபோது இருபத்தேழு கற்களில் நான்கு செயற்கை. மற்ற இருபத்து மூன்றும் நல்லவை என்பதால்தான் அந்த நான்கும் என் கண்ணைத் தப்பின. இயற்கைக் கல் நடுவே செயற்கையை வைப்பதே அந்த வித்தை.

வீட்டிலிருந்தே நீங்கள் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அதன் எல்லையையும் சேர்த்தே சொல்கிறேன். கல்லை முதலில் காற்றில் எடைபோட்டு, பிறகு மெல்லிய கம்பியில் தொங்கவிட்டு நீருக்குள் எடைபோட்டால், நீரில் எவ்வளவு எடை குறைந்ததோ அதனால் முதல் எடையை வகுக்கும்போது அடர்த்தி கிடைக்கும். குருந்தத்துக்கு 4.00, ஊதா கலந்த ரோடோலைட் கார்னெட்டுக்கு ஏறத்தாழ 3.84, ஸ்பினலுக்கு 3.60, செவ்வந்திக்கல்லுக்கு (அமெதிஸ்ட்) 2.65. ஐந்து கேரட் என்பது 1 கிராம். அந்த அளவுள்ள குருந்தம் நீரில் 0.25 கிராம் குறையும், ஸ்பினல் 0.28, செவ்வந்தி 0.38. ஆகவே 0.01 கிராம் வரை காட்டும் சாதாரண மின்தராசால் செவ்வந்தியைத் திட்டமாகவும் ஸ்பினலை ஓரளவும் ஒதுக்கிவிடலாம். கார்னெட்டோ 0.26; குருந்தத்தோடு வேறுபாடு 0.01 மட்டுமே, அந்தத் தராசின் பிழையே அவ்வளவு வரும். அதற்கு 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும். உங்கள் ஐந்து கற்களும் ஒவ்வொன்று ஒரு கேரட் அளவுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றுக்கு இந்த முறை வீட்டுத் தராசில் எடுபடாது. அதற்குப் பதிலாக டைக்ரோஸ்கோப் என்ற சிறு குழாய் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அதன் வழியாகப் பார்த்தால் குருந்தம் அருகருகே இரண்டு நிறச்சாயல் காட்டும். ஊதாக் கல்லில் ஒரு பக்கம் நீலம் கலந்ததும் மறுபக்கம் சிவப்பு கலந்ததும் தெளிவாகத் தெரியும். கார்னெட், ஸ்பினல், கண்ணாடி மூன்றும் எப்படித் திருப்பினாலும் ஒரே நிறம்தான்.

ஆனால் செயற்கைக் குருந்தமும் குருந்தமே. அதே அடர்த்தி, அதே இரட்டை நிறம். புறஊதா விளக்கில் அது சிவப்பாக ஒளிரும். இரும்பு குறைந்த இயற்கைக் கல்லும் அப்படியே ஒளிரும். கடையில் விளக்கைப் போட்டுக்காட்டி ‘பாருங்கள், அசல்’ என்பவர் தெரியாமல் சொல்கிறார், அல்லது தெரிந்தே சொல்கிறார். உண்மையில் பிரித்துக்காட்டுவது உருப்பெருக்கம்தான். இயற்கைக் கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராக, கோணத்தில் மடங்கி ஓடும். ஊசிபோன்ற ரூட்டைல் படிகங்கள், விரல்ரேகைபோல் ஆறிய வெடிப்புகள், மடகாஸ்கர் கற்களில் கொத்தாகக் கிடக்கும் சிறு சிர்க்கான் மணிகள் எல்லாம் காணக் கிடைக்கும். தீப்பிழம்பில் செய்ததில் கோடுகள் இசைத்தட்டின் வரிகளைப்போல் வளைந்திருக்கும். காற்றுக் குமிழிகளும் இருக்கலாம். இளஞ்சிவப்பில் அந்த வளைகோடுகள் மிக மங்கல். பத்து மடங்கு லென்ஸில் தெரியவில்லை என்பதற்காக அவை இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. முற்றிலும் மாசற்ற, பெரிய, விலை குறைந்த இளஞ்சிவப்புக் கல் என்றால் நான் செயற்கை என்று வைத்துக்கொண்டே பார்க்கத் தொடங்குவேன்.

அடுத்தது பக்குவம், அதாவது நிறத்தையோ தெளிவையோ கூட்டக் கல்லுக்குச் செய்யும் வேலை. முன்பு சொன்ன வேதியியல் இங்கேதான் வேலை செய்கிறது. இலாகாகாவின் இளஞ்சிவப்புக் கற்கள் பலவற்றில் மெல்லிய நீலச்சாயல் இருக்கும். அவற்றைக் காற்றுப்படும்படி 1,000 டிகிரி செல்சியசுக்குக் கீழேயே சூடாக்கினால் நீலம் விலகி, தெளிந்த இளஞ்சிவப்பு மிஞ்சும். அவ்வளவு குறைந்த சூடு கல்லின் உட்படிகங்களை உருக்கிச் சிதைப்பதில்லை என்பதால் தடயமும் குறைவு; நல்ல கருவிகள் உள்ள கூடங்களுக்கும் சில கற்களில் இது சிக்கலான தீர்ப்பே. சான்றிதழில் ‘சூடேற்றியதற்கான அறிகுறி காணப்படவில்லை’ என்ற வாசகம் ஏன் அப்படி எச்சரிக்கையாக எழுதப்படுகிறது என்று இப்போது புரிந்திருக்கும். சூடேற்றுவது ஏமாற்று வேலை அல்ல. சொல்லி விற்றால் நேர்மையான வணிகம். பெரிலியம் ஊட்டுவது வேறு கணக்கு. மடகாஸ்கரின் இளஞ்சிவப்புக் கற்களைத் தாய்லாந்தில் பெரிலியத்தோடு கடும் சூட்டில் வேகவைத்து ஆரஞ்சு கலந்த நிறமாக மாற்றி, பத்மராகம் (ஆங்கிலத்தில் பட்பராட்ஷா) என்ற பெயரில் ஏராளமாகச் சந்தையில் இறக்கிய செய்தி 2002-இல் வெளிப்பட்டபோது எங்கள் தொழிலே ஆடிப்போயிற்று. அதை உறுதியாகக் கண்டறிய நுண்ணோக்கி போதாது, விலையுயர்ந்த வேதியியல் கருவி வேண்டும். எல்லாவற்றிலும் கீழானது ஈயக்கண்ணாடி ஊற்றி வெடிப்புகளை அடைத்த கல். கல்லைச் சாய்க்கும்போது வெடிப்புக்குள் நீலமும் ஆரஞ்சும் மின்னும், தட்டையான குமிழிகள் தெரியும். அதைப் பொற்கொல்லரின் ஊதுகுழலும் அமிலமும் கெடுத்துவிடும். எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரிக்கத் தொடங்கும். எலுமிச்சையும் புளியும் போட்டு நகை துலக்கும் நம் வீடுகளில் அது எத்தனை நாள் தாங்கும்?

நிறம் நிலைக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். 2016-க்குப் பிறகு பெமாயின்ட்டியிலிருந்து வந்த பத்மராக நிறக் கற்கள் சிலவற்றில் மஞ்சள் சாயல் பகல் வெளிச்சத்தில் மங்கி, வெறும் இளஞ்சிவப்பாகிவிடுவதைச் சுவிட்சர்லாந்தின் எஸ்.எஸ்.இ.எஃப். சோதனைக்கூடம் வெளியிட்டது. ஆகவே ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பு என்று கூடுதல் விலை கேட்டால், வாங்குவதற்கு முன் கல்லை வெள்ளைத் தாளில் வைத்து ஒரு படம் எடுத்து, ஓரிரு நாள் சன்னலோர வெயிலில் வைத்து, அதே நேரத்தில் அதே தாளில் மறுபடியும் பாருங்கள். குரோமியத்தால் வந்த இளஞ்சிவப்பு வெயிலுக்கு அசையாது.

என் விருப்பத்தைக் கேட்டால், சேகரிப்பை ஊதாவில் தொடங்குங்கள் என்பேன். சந்தை இளஞ்சிவப்பையே கேட்கிறது. அதனால் ஊதாக் கற்கள் தொடர்ந்து அடுப்புக்குப் போய் இளஞ்சிவப்பாகத் திரும்பி வருகின்றன. நீலம் கெடாமல் ஊதாவாகவே நிற்கும் ஒரு கல், அந்தக் குறைந்த சூட்டைக் காணாமல் தப்பியிருக்கும் வாய்ப்பு கூடுதல். இது ஒரு சாய்வு மட்டுமே, சான்று அல்ல; ஆனாலும் மண்ணிலிருந்து வந்த நிறத்தோடு ஒரு கல்லைக் கையில் வைத்திருப்பதில் எனக்கு இருக்கும் மகிழ்ச்சி இத்தனை ஆண்டுகளாகியும் குறையவில்லை. ஊதாவைக் கடைக்குள்ளிருக்கும் மஞ்சள் விளக்கில் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அங்கே அது சிவந்து காட்டும். கடைக்காரரின் அனுமதியோடு கல்லை அஞ்சடிக்கு, அதாவது கடைமுன் நடைபாதைக்கு, எடுத்துவந்து, நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நீலம் ஏறிய வேறொரு ஊதா தெரியும். இரண்டு வெளிச்சத்திலும் பிடித்திருந்தால் அது உங்கள் கல். நடுவில் சன்னல்போல் வெளுத்துத் தெரிந்தால் பட்டை ஆழமில்லாமல் தீட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். எடையைக் காப்பாற்ற அழகை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

விலை இரண்டு ஆண்டில் ஏறும் என்ற உறுதிமொழியை எந்த நேர்மையான வியாபாரியும் தரமாட்டார். புதுப் படுகை திறந்தவுடன் கல் குவியும், விலை இறங்கும். மேலடுக்கு தீர்ந்ததும் வரத்து சுருங்கும். எப்போது சுருங்கும் என்பதைச் சரளைக்குள் கைவிட்டுத் துழாவுபவருக்கே சொல்ல முடியாது. இன்னொன்றையும் சொல்லாமல் போக மனமில்லை. பெமாயின்ட்டி, பாதுகாக்கப்பட்ட மழைக்காட்டுக்குள் இருக்கிறது. இந்திரி என்ற பெரிய லெமூர் வாழும் காடு. பல்லாயிரம் ஏழைகள் சில மாதங்களில் அங்கே குடிசை போட்டு மரத்தை வெட்டிக் குழி தோண்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? லயத்தில் பிறந்தவனுக்குக் கூலியின் அருமை தெரியும். ஆனால் கல் எந்த வழியாக வந்தது என்று கேட்பதும், அந்நாட்டு ஏற்றுமதித் தாள் இருக்கிறதா என்று பார்ப்பதும் வாங்குபவரின் கடமை என்றே நினைக்கிறேன்.

உங்கள் ஐந்து கற்களுக்கு வருகிறேன். மொத்தமாக வாங்காதீர்கள். இரண்டு ஊதாக் கற்களில் அஞ்சடி வெளிச்சத்தில் மனத்தைத் தொடும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அது இயற்கைக் குருந்தமா, என்ன பக்குவம் செய்யப்பட்டது என்ற இரண்டையும் எழுதித்தரும் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்த பிறகே பணம் தருவதாகச் சொல்லுங்கள். பிறப்பிடம் பற்றிய அறிக்கைக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. ஒரு கேரட் கல்லுக்கு அது தேவையில்லை. விற்பவர் ஒப்புக்கொண்டால் சோதனைச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள், அது நியாயம். ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த 3,000 வெள்ளியைப் பத்திரமாக வைத்திருங்கள். வாங்கிய கல்லை ஒவ்வொன்றாகத் தனித்தாளில் மடித்து, தாளின் மேல் எடை, அளவு, வாங்கிய நாள், விற்றவர் சொன்ன ஊர், சோதனைக்கூடம் சொன்னது ஆகியவற்றை எழுதுங்கள். விற்றவர் சொன்னதையும் கூடம் சொன்னதையும் ஒரே வரியில் கலந்துவிடாமல் தனித்தனியாக எழுதுங்கள்.